வெள்ளை வந்தால் கத்தார்

"ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூ இருந்தா என்ன செய்றது?" என்று சுடர்விழி கேட்டாள்.

சாமி சன்னிதியில் கேட்கிற கேள்வியா அது? பூசாரி நாகராசு தட்டை நீட்டியபடி நின்றார். தட்டில், வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு இட்லிப்பூ இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டியது மட்டும்தான் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வேலை.

அவளுடைய அப்பா திருமுருகன் சட்டென்று தட்டிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டான். காரணம், அவனுக்குத் தெரிந்து இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூதான் இருந்தது. இரண்டிலும் சிவப்பு. முந்தின நாள் பூக்காரி செவந்தியிடம் போய் அப்படிக் கட்டச் சொன்னவனே அவன்தான்.

"அப்படி ஏன் ஆத்தா இருக்கப் போவுது?" என்றார் பூசாரி.

"இருக்குன்னு சொல்லலைங்க. இருக்குன்னு வச்சுக்குவோம். அப்ப நான் எதை எடுத்தாலும் ஒண்ணுதான். அப்படின்னா நாம கேட்டது சாமிகிட்டயா, பொட்டலம் கட்டினவங்ககிட்டயா?"

"எடு புள்ள, நேரமாவுது" என்றான் திருமுருகன். அதே சமயம் அவன் மனைவி பரிமளாவும், "வாயை மூடிக்கிட்டு எடுடி" என்றாள். அப்பா, அம்மா இருவரையும் சுடர்விழி ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பரிமளாவின் அண்ணன் ராமு கத்தாரில் இருக்கிறான். அவன் வேலை செய்கிற கம்பெனியின் குடோனுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டுமாம். இரண்டு வருஷ ஒப்பந்தம். "மச்சானை அனுப்பு" என்று போன் செய்தான். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மோட்டார் பம்பு கடையில் பதினாறு வருஷமாக நிற்கிற திருமுருகன், அந்த போன் வந்த நிமிஷத்தில் ஒரு காரியம் செய்தான். ஆண்பிள்ளை என்று இருந்தால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கென்ன, நாளைக்கே கெளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டான். பரிமளா உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தவுடன் அவனுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் சிரித்தான். சொன்ன சொல்லை இனி எங்கே விழுங்குவது?

அவனுக்குப் போக இஷ்டமில்லை. பயம் ஒன்றும் இல்லை, வெயிலும் புதிதில்லை. காரணம் சுடர்விழி. ஐந்து வயதில் ஒரு தோசையை நாலாகப் பிய்த்துப் போட்டால் நாலு தோசை தின்ற திருப்தியோடு எழுந்து போன பிள்ளை அது. இந்த ஜூன் மாதம் ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அதற்கு என்னவோ ஆகிவிட்டது. "ஒரு பேச்சுக்கு, உலகத்துல தோசையே இல்லைன்னு வச்சுக்குவோம். அப்ப சட்னிக்கு என்ன பேரு இருக்கும்?" என்று கேட்டது. பூட்டு, கல், அம்மாவின் செல்போன் மூன்றையும் கயிற்றில் கட்டி மின்விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டு, எது வேகமாக ஆடுகிறது என்று பார்த்தது. கேட்டால், "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும், மத்ததை மாத்தக் கூடாதுன்னு கலைமதி டீச்சர் சொன்னாங்க" என்றது.

மகள் பேசுவதில் பாதிக்குமேல் திருமுருகனுக்குப் புரிவதில்லை. இருந்தாலும் கேட்கப் பிடித்தது. இப்போதே பாதிதான் புரிகிறது, இரண்டு வருஷம் கழித்து வந்தால் ஒன்றுமே புரியாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை உண்மையாகவே வாட்டியது. இதை யாரிடம் சொல்வது? பெட்டியை இறக்கி வைத்தவளிடமா?

நல்ல வேளையாக, "எதுக்கும் சாமிகிட்டப் பூ போட்டுக் கேட்டுருவோங்க" என்று பரிமளாவே சொன்னாள். அன்னவாசல் ரோட்டில் ஒரு காளி கோயில். அங்கே சொன்னால் சொன்னதுதான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இருவருமே அதுவரை அங்கே போனதில்லை.

"வெள்ளை வந்தா போகணும், செவப்பு வந்தா போகக் கூடாது. அதான் கணக்கு" என்றாள் பரிமளா. அவளுக்குச் சொந்த ஊர் மணமேல்குடி. அங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்பார்கள்.

"இந்தக் கோயில்லயும் அதே கணக்குதானாம்மா?" என்று சுடர்விழி கேட்டாள்.

"எல்லாக் கோயில்லயும் அதே கணக்குதான். சும்மா தொணதொணக்காத."

திருமுருகனும் அதற்குத் தலையாட்டினான். மறுநாள் சாயங்காலமே செவந்தியின் பூக்கடைக்குப் போய் அவள் காதோடு விஷயத்தைச் சொன்னான். அவன் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும்ணே, ரெண்டுலயும் செவப்புதானே. கவலையே படாதீங்க" என்றாள் அவள். என்ன சூட்டிகையான பெண் என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தான்.

ஆகையால், சுடர்விழி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தபோது திருமுருகன் கொஞ்சம் முன்கூட்டியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

பூசாரியின் உள்ளங்கையில் வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

"வெள்ளை" என்றார் பூசாரி. "தெளிவாச் சொல்லிட்டா. அதும்படி நடந்துக்குங்க."

சோகமாக வைத்திருந்த முகம் அப்படியே நிஜமாகிவிட்டது. இரண்டிலும் சிவப்பு. ஒன்றை எடுத்தால் வெள்ளை. இது எந்த ஊர் கணக்கு? எப்படி என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. பக்கத்தில் பரிமளாவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் அதிகமானால் அவளுக்கு அப்படி ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஒரு தடவை கேட்டாப் போதாதுங்க" என்று பரிமளா சட்டென்று சொன்னாள். "எங்க ஊருல மூணு தடவை கேப்போம்."

"ஆமா, மூணு தடவை" என்று திருமுருகன் அவளைவிட வேகமாகச் சொன்னான். சொன்ன பிறகுதான் குழம்பினான். வெள்ளை வந்தபின் இவள் எதற்காக மறுபடி கேட்க வேண்டும்? மூன்று தடவையும் உறுதி செய்துகொண்டு அனுப்பப் பார்க்கிறாளா?

வரும் வழியில் செவந்தியைத் தனியாகப் பிடித்தான். அவள் காளியம்மன்மேல் சத்தியம் செய்தாள். "ரெண்டுலயும் செவப்புதாண்ணே வச்சேன். இந்தக் கையால வச்சேன். வெள்ளைப் பூவை நேத்து நான் கண்ணாலகூடப் பாக்கலை."

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அவன் யாரையும் நம்பவில்லை. "இந்தத் தடவை பொட்டலத்தை நானே கட்டி எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டிலும் இட்லிப்பூவை வைத்துக் கட்டினான். சட்டைப் பையில் போட்டு, சட்டையை வெளியே கூடத்து ஆணியில் மாட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு பையைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் பத்திரமாக இருந்தன.

கோயிலில் சுடர்விழி எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"அம்புட்டு ஆசையா தம்பி ஒங்களுக்கு?" என்று பூசாரி அவனைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார். "ரெண்டாவது தடவையும் அதையேதான் சொல்றா. ஆத்தா சொன்னாக் கேட்டுக்கணும்."

"ஆசைதான்" என்றான் திருமுருகன்.

அன்று கடைக்குப் போனவனுக்கு ஒரு பயங்கரமான சந்தேகம் வந்தது. தன் கண்ணிலேயே கோளாறோ? ஒருவேளை வெள்ளையைத்தான் சிவப்பு என்று நினைத்துக் கட்டினோமோ? கல்லாவில் இருந்த முதலாளி ஆண்டியப்பனிடம் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினான்.

"முதலாளி, இது என்ன கலருங்க?"

ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "செவப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. செவப்புதானா?"

"திருமுருகா, பதினாறு வருஷமா நீ இந்தக் கடையில வயர் வெட்டிக் குடுக்கிற. மனசு கத்தாருக்குப் போயிருச்சு, ஒடம்பு மட்டும் இங்க நிக்குது. கலர் மாத்திக் கனெக்சன் குடுத்தீன்னா எவன் வீட்டு மோட்டாராவது பொகைஞ்சுரும். போ, போய் ஊருக்குப் போற வேலையைப் பாரு."

மறுநாளே அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டார். சாயங்காலம் அவனுக்கு ஒரு சால்வை போர்த்தி, லட்டு கொடுத்து, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவை யாரோ ராமுவுக்கு அனுப்ப, ராமு விமான டிக்கெட்டுக்குத் தேதி கேட்டு போன் செய்தான். பக்கத்து வீட்டு அருள்தாஸ், "ஒங்க வண்டி சும்மா நின்னாத் துருப்பிடிச்சுரும்ணே, நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்போதே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். சால்வையைப் போர்த்திக்கொண்டு திருமுருகன் வாசலில் நின்று அதைப் பார்த்தான். சொந்த ஊரிலேயே தனக்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

மிச்சம் இருப்பது மூன்றாவது தடவை. யோசித்து யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பூ சரிதான், பொட்டலம் சரிதான். எடுக்கிற கைதான் சரியில்லை. யோசிக்கிற பிள்ளை எடுத்தால் சாமிக்கே குழப்பம் வரும்.

"இந்தத் தடவை சின்னப் புள்ள யாராச்சும் எடுக்கட்டும்" என்றான். "அருள்தாஸ் மகளைக் கூட்டிப் போவோம். நாலு வயசு. ஒண்ணும் அறியாது."

"அதுவும் சரிதாங்க. இந்தத் தடவை பொட்டலத்தை நான் கட்டுறேன்" என்றாள் பரிமளா.

சுடர்விழி வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆளை மாத்துறீங்க, கட்டுறவங்களையும் மாத்துறீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா, எதனால மாறுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லை. நீ படி" என்றான் திருமுருகன்.

வெள்ளிக்கிழமை காலை அருள்தாஸ் மகளையும் சேர்த்து நாலு பேர் கிளம்பினார்கள். அருள்தாஸ் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய்விட்டதால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. பரிமளா கட்டிய பொட்டலங்கள் அர்ச்சனைக் கூடையில் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் அவள் தேங்காய் வாங்கப் போன இடைவெளியில், திருமுருகன் அவற்றை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டுவந்த தன்னுடைய சிவப்புப் பொட்டலங்களைக் கூடையில் வைத்தான். பிறகு நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

கோயிலில் பூசாரி தட்டைத் தூக்கும்போது அவருடைய போன் அடித்தது. "நீங்க எடுக்கச் சொல்லுங்கம்மா, வந்துட்டேன்" என்று தட்டைப் பரிமளாவிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார்.

"பாப்பா, ஒண்ணு எடு" என்றாள் பரிமளா.

குழந்தை இரண்டையும் எடுத்தது. கைக்கு ஒன்று.

"ரெண்டு இல்லடா கண்ணு. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

குழந்தை யோசித்தது. இரண்டு கையிலும் ஒவ்வொன்றுதானே இருக்கிறது? திருமுருகன் ஒன்றைப் பிடுங்கப் போனான். தின்பண்டத்தைப் பறிக்கிறார்கள் என்று நினைத்த குழந்தை, இரண்டையும் சேர்த்துப் பல்லால் கடித்து இழுத்தது. நார் அறுந்தது. இரண்டு பொட்டலமும் தரையில் கொட்டின.

இரண்டிலும் வெள்ளை.

"அதெப்படி?" என்று திருமுருகன் கத்தினான். "ரெண்டுலயும் செவப்புல்ல வச்சேன்."

"நானும் ரெண்டுலயும் செவப்புதாங்க வச்சேன்" என்றாள் பரிமளா.

இருவரும் குனிந்து பூவைப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் ஒரு நந்தியாவட்டையை எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டது.

"நீ எதுக்கு செவப்பு வச்ச?" என்று திருமுருகன் மெதுவாகக் கேட்டான்.

"நீங்க எதுக்கு வச்சீங்க?"

"நீதானே பொட்டிய எறக்கி வச்ச? அனுப்பணும்னு நீ நெனக்கிறன்னுதான் நான் பேசாம இருந்தேன்."

"நாளைக்கே கெளம்பிருவேன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆசைப்படுற மனுசனைத் தடுக்கக் கூடாதேன்னு பொட்டிய எறக்கினேன். தொடைக்கிறப்ப அழுதுகிட்டேதான் தொடைச்சேன், நீங்க பாக்கலை." சொல்லும்போதே பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இந்த வெள்ளை?" என்று திருமுருகன் தரையைப் பார்த்தான். பிறகு இருவரும் சேர்ந்து மகளைப் பார்த்தார்கள்.

சுடர்விழி தூணில் சாய்ந்து நின்றாள். "பள்ளிக்கூடத்துல பறிச்சது" என்றாள்.

"ஏண்டி?"

"செவந்தியக்கா கடைக்கு நான் அம்மாகூடப் போயிருந்தேன். ரெண்டுலயும் செவப்பு வைக்கச் சொன்னாங்க. டியூசன் விட்டு வாரப்ப அப்பாவும் அங்க நின்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தீங்க. அப்ப ரெண்டு பேருக்குமே இஷ்டமில்லை. சரி, செவப்பே வந்துச்சுன்னு வச்சுக்குவோம். என்ன ஆகும்? அப்பா போக மாட்டீங்க. ஆனா அம்மா நம்மளை அனுப்பத்தான் பாத்தாளேன்னு காலம் பூராவும் நெனப்பீங்க. எம்புட்டு ஆசையா இருந்தாரு, கெடுத்துட்டோமேன்னு அம்மா நெனப்பாங்க. வெள்ளை வந்தாத்தான் ரெண்டு பேரும் வாயைத் தொறப்பீங்க."

"அதை எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அப்பா 'அப்படியெல்லாம் இல்லை, எனக்கு ஆசைதான்'னு சொல்லியிருப்பீங்க. கோயிலுக்கு வாரப்பவே பொட்டலத்தை மாத்திட்டேன். முதல் தடவையே பேசிருவீங்கன்னு நெனச்சேன். பேசலை. ரெண்டாவது தடவை அப்பா சட்டைப் பையில இருந்ததை எடுத்துட்டு அம்மா வேற செவப்பு வச்சாங்க. அதை எடுத்துட்டு நான் வெள்ளை வச்சேன். அதுக்கும் பேசலை. இன்னைக்கு அப்பா டீ குடிக்கப் போனப்ப மறுபடி மாத்தினேன். பெரியவங்களுக்கு இம்புட்டு நேரம் ஆகும்னு நான் கணக்குப் போடலை."

திருமுருகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் சொன்னது முழுவதும் புரிந்த முதல் நாள் அதுதான். அவள் தலையைப் பிடித்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டான். "நான் போகலைம்மா. எங்கயும் போகலை. எனக்குப் போக இஷ்டமே இல்லை" என்று கோயில் என்றும் பாராமல் உரக்கச் சொன்னான். பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, ராமுவுக்கு என்ன பதில் சொல்வது, முதலாளியிடம் என்ன சொல்லி வேலையைத் திரும்பக் கேட்பது, அருள்தாஸிடமிருந்து வண்டியை எப்படி மீட்பது என்று வரிசையாகக் கவலைப்பட ஆரம்பித்தாள். அந்தக் கவலைகூட அன்று அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அப்போது பூசாரி போனை மடியில் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் சிதறிக் கிடந்த பூவைப் பார்த்தார். "மூணாவதும் வெள்ளைதானா?" என்று கேட்டார்.

திருமுருகனுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. என்ன இருந்தாலும் சாமி காரியம். விளையாட்டாகப் போய்விட்டது. சன்னிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, பூசாரி முன்னால் கைகட்டி நின்றான்.

"சாமி, மன்னிக்கணும். மூணு தடவை வெள்ளை வந்தும், நான் கத்தாருக்குப் போகப் போறதில்லை. ஆத்தா கோவிச்சுக்காம இருக்க என்ன பரிகாரம் செய்யணுமோ சொல்லுங்க, செஞ்சுருவோம்."

பூசாரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளை வந்ததுக்கு எதுக்குத் தம்பி போகணும்? இது காளி கோயில், இங்க செவப்பு வந்தாத்தான் போறதுக்கு உத்தரவு."